பேய் வீட்டு நாவல்: அவர்கள் ஏன் அந்த வீட்டை விட்டுப் போவதில்லை?

பேய் வீட்டு நாவலை முதன்முதலாகக் கையில் எடுக்கிற எவரும் சில அத்தியாயங்களுக்குள் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். "இவ்வளவு நடந்த பிறகும் இந்த ஆட்கள் ஏன் அங்கேயே கிடக்கிறார்கள்? மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதானே?" நியாயமான கேள்விதான். இந்த வகை நாவல் முழுவதுமே அந்தக் கேள்விக்கு எழுதப்படுகிற பதில் என்பது என் எண்ணம். பேய் எப்படி வருகிறது, எந்தக் கதவு தானாகத் திறக்கிறது என்பதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான். மலையகத்திலிருந்து வாசிக்கிற நமக்கு அந்தப் பதில் மற்றவர்களை விடச் சீக்கிரமாகவே பிடிபடும். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், எது பேய் வீட்டு நாவல்? பேய் வருகிற கதையெல்லாம் இதில் சேராது. நம் தோட்டங்களில் பேய்க்கதை சொல்கிறவர்களுக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. கரண்ட் போன இரவில் இஸ்தோப்பில் உட்கார்ந்தால் போதும். பாலத்தடியில் நிற்கிற மோகினி, சுடுகாட்டு வளைவில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற குரல், ஆற்றோர மூங்கில் புதருக்குள் எரிகிற வெளிச்சம் என்று வரிசையாக வரும். கவனித்துப் பாருங்கள், இவை எல்லாமே வழியில் நிற்கிற பேய்கள். வழியில் போகிறவரைப் பிடிக்கும். பிடித்தால் கோடாங்கியைக் கூப்பிட்டு, உடுக்கை அடித்து, எலுமிச்சம்பழம் வெட்டி விரட்டிவிடலாம். பேய் வீட்டு நாவலில் விவகாரம் வேறு. அங்கே பேய் ஆளைப் பிடிப்பதில்லை, வீட்டைப் பிடித்திருக்கிறது. வீட்டுக்கு ஒரு வயது, ஒரு பழைய சொந்தக்காரர், மூடி மறைத்த ஒரு சம்பவம் எல்லாம் உண்டு. கதையின் முதன்மைப் பாத்திரமே அந்த வீடுதான். மனிதர்கள் அதற்குள் வந்து மாட்டிக்கொள்கிறவர்கள்.

நம் பேய்கள் ஏன் வழியில் நிற்கின்றன என்று நான் யோசித்ததுண்டு. கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரைக்கும் காட்டு வழியே நடந்துதான் வந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் அந்த வழியில் விழுந்தவர்கள் ஏராளம். முறையான சடங்கு இல்லாமல் பாதையோரத்திலேயே விடப்பட்டவர்கள் பலர். அநியாயம் நடந்த இடம் வழி என்பதால், நினைவும் வழியிலேயே நின்றுவிட்டது போலும். இது என் ஊகம்தான். ஆனால் இதை ஒரு சூத்திரமாக வைத்துக்கொண்டால் பேய் வீட்டு நாவலும் விளங்கும்: அநியாயம் எங்கே நடந்ததோ, பேய் அங்கேதான் இருக்கும். ஐரோப்பியக் கதைகளில் அது கோட்டைக்குள்ளும் மாளிகைக்குள்ளும் நடந்தது.

இந்தக் கதை ரொம்பப் பழையது. ரோமாபுரியில் கிட்டத்தட்ட 1,900 வருடங்களுக்கு முன்பு வாழ்ந்த இளைய பிளினி, ஒரு கடிதத்தில் ஏதென்ஸ் நகரத்து வீடு ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். இரவானால் சங்கிலி இழுபடுகிற சத்தம். பயந்துபோய் யாரும் குடியிருப்பதில்லை. வாடகை படுமலிவு என்று கேள்விப்பட்டு, சந்தேகப்பட்டு விசாரித்து, தெரிந்தே குடிவருகிறார் அதினோடோரஸ் என்ற தத்துவ ஆசிரியர். இரவில் எழுதிக்கொண்டிருக்கும்போது சங்கிலியோடு ஓர் உருவம் வந்து விரலால் கூப்பிடுகிறது. கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டிவிட்டு அவர் எழுத்தைத் தொடர்கிறார். பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு பின்னால் போகிறார். முற்றத்தில் உருவம் மறைந்த இடத்தைப் புல்லையும் இலையையும் போட்டு அடையாளம் வைத்து, மறுநாள் தோண்டச் சொல்கிறார். சங்கிலி சுற்றிய எலும்புகள் கிடைக்கின்றன. முறைப்படி அடக்கம் செய்ததும் வீடு அமைதியாகிறது. மலிவான வாடகை, இரவுச் சத்தம், புதைந்து கிடக்கிற அநியாயம், கடைசியில் தீர்க்கப்படுகிற கடன் என்று இன்றைய நாவலுக்கு வேண்டிய அத்தனையும் இந்தச் சின்னக் கடிதத்தில் இருக்கிறது.

நாவல் என்ற வடிவத்தில் இதைத் தொடங்கி வைத்தவர் ஹோரேஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர். 'த காஸல் ஒஃப் ஒட்ராண்டோ' 1764-இல் வெளிவந்தது. அதில் வானத்திலிருந்து விழுகிற இராட்சதத் தலைக்கவசம், பெருமூச்சு விட்டுச் சட்டத்தை விட்டு இறங்குகிற ஓவியம் என்று என்னென்னவோ நடக்கின்றன. இவற்றையெல்லாம் உதறிவிட்டுப் பார்த்தால் அடியில் இருப்பது ஒரு சொத்துத் தகராறு. கோட்டையின் உண்மையான சொந்தக்காரர் அல்பொன்சோ. அவருக்கு நஞ்சு வைத்து, பொய் உயில் காட்டிக் கோட்டையைப் பிடித்தவனின் பேரன்தான் இப்போது அங்கே ஆள்கிறவன். தன் வீட்டைத் திரும்பக் கேட்கிறது ஆவி. உலகத்தின் முதல் பேய் வீட்டு நாவல் என்று பெரும்பாலும் சொல்லப்படுகிற புத்தகம், இந்த வீடு யாருடையது என்ற கேள்வியிலேயே தொடங்குகிறது. காணி உறுதி என்றால் என்ன, அது கையில் இல்லாமல் இருப்பதென்றால் என்ன என்று அறிந்த நமக்கு இது ஒன்றும் தூரத்துக் கதை இல்லை.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். ஏன் போவதில்லை? ஒவ்வொரு நல்ல நாவலும் இதற்குத் தனக்கென்று ஒரு பதில் வைத்திருக்கிறது.

ஸ்டீபன் கிங்கின் 'த ஷைனிங்' (1977) நாவலில் ஜாக் டொரன்ஸ் என்பவர் மனைவியோடும் சிறு மகனோடும் ஒரு மலை ஹோட்டலுக்குக் குளிர்கால காவல் வேலைக்குப் போகிறார். ஆசிரியர் வேலை போய்விட்டது. குடிப்பழக்கத்தால் பெயரும் கெட்டுப்போயிருக்கிறது. இந்த வேலையும் போனால் வேறு வழியே இல்லை. பனி விழுந்து பாதை மூடுவதற்கு முன்பே அவர் மாட்டிக்கொண்டாகிவிட்டது. வேலையும் இருப்பிடமும் ஒரே முடிச்சில் இருக்கிறது என்பதுதான் அந்தக் கதையின் உண்மையான பூட்டு. பேய்கள் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

ஷேர்லி ஜாக்சனின் 'த ஹோண்டிங் ஒஃப் ஹில் ஹவுஸ்' (1959) சொல்கிற பதில் இன்னும் ஆழமானது. எலினோர் என்ற முப்பத்திரண்டு வயதுப் பெண், நோயாளித் தாயைப் பதினொரு வருடம் பராமரித்துத் தன் இளமையையே தொலைத்தவள். தாய் இறந்த பிறகு அக்கா வீட்டில் ஒண்டியிருக்கிறாள். தனக்கென்று ஓர் இடம் கிடையாது. ஒரு கலாநிதி பேய் ஆராய்ச்சிக்கென்று ஹில் ஹவுஸுக்கு ஆள் கூப்பிட, இவள் போகிறாள். அந்த வீட்டின் மூலைகள் எதுவும் நேராக இல்லை. ஒவ்வொரு கோணமும் நூலிழை அளவு பிசகியிருப்பதால் கதவுகள் தாமாகவே மூடிக்கொள்கின்றன என்று விளக்கமும் தரப்படுகிறது. இரவில் நடைபாதையில் ஏதோ ஒன்று கதவு கதவாக அடித்துக்கொண்டு வருகிறது. ஆனால் பேயின் உருவம் நமக்குத் தெளிவாகக் காட்டப்படுவதே இல்லை. பக்கம் போகப் போகத்தான் நமக்கு உறைக்கிறது: எலினோருக்கு அந்த வீடு பிடித்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன்னை ஓர் இடம் வேண்டும் என்கிறது என்று அவள் நம்பத் தொடங்குகிறாள். அவள் போகாததற்குக் காரணம் பூட்டிய கதவு இல்லை. போக விரும்பாத மனம். எனக்கு இந்த நாவல் மீது தனி மதிப்பு உண்டு. பயத்தையும் பரிதாபத்தையும் இப்படிப் பிரிக்க முடியாமல் பின்னியவர்கள் குறைவு.

அதே நாவலில் திருமதி டட்லி என்ற வீட்டுப் பணிப்பெண் இருக்கிறார். இரவுச் சாப்பாட்டைச் சரியான நேரத்துக்கு மேசையில் வைத்துவிட்டு, இருட்டுவதற்கு முன்பே வீட்டை விட்டுப் போய்விடுவார். மற்ற வாசகர்கள் அவரை ஒரு விசித்திரமான துணைப்பாத்திரமாகக் கடந்து போகலாம். பங்களாவில் அப்புவாகவும் ஆயாவாகவும் வேலை செய்தவர்களின் வீடுகளில் இருந்து வந்தவர்கள் அங்கே கொஞ்சம் நிற்பார்கள். ஒரு பெரிய வீட்டைப் பற்றி அதில் வேலை செய்கிறவருக்கே முழுதாகத் தெரியும். எந்த அறைக்கு எப்போது போகக்கூடாது என்று தெரிந்திருப்பது அவருடைய தொழிலில் ஒரு பகுதி.

டோனி மொரிசனின் 'பிலவ்ட்' (1987) சொல்கிற பதில்தான் என்னை அதிகம் அசைத்தது. அமெரிக்காவில் அடிமை முறையிலிருந்து தப்பி வந்த சேத்தி என்ற தாய், பிள்ளைகளைத் திரும்பவும் அடிமைகளாகப் பிடித்துப் போக வந்தபோது, தன் கைக்குழந்தையைத் தானே கொன்றவள். அந்தக் குழந்தையின் ஆவி வீட்டில் இருக்கிறது. வேறு வீட்டுக்குப் போகலாமே என்று சேத்தி கேட்கும்போது மாமியார் சொல்கிற பதிலின் சாரம் இது: போய் என்ன பயன், இந்த நாட்டில் செத்துப்போன நம் ஆட்களின் துயரம் நிறையாத வீடு ஏதாவது இருக்கிறதா? அவ்வளவுதான். பேய் ஒரு வீட்டில் இருந்தால் வேறு வீட்டுக்குப் போகலாம். நாடு முழுக்க இருந்தால்?

பயம் எப்படி உண்டாக்கப்படுகிறது என்பதை விளக்க வெளிநாட்டுப் பங்களா எதற்கு? நம் லயத்தையே எடுத்துக்கொள்வோம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, மேலே தகரம். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம் என்றால் பின்சுவருக்கு அந்தப்பக்கம் இன்னொரு குடும்பம். இருமினால் கேட்கும், பிள்ளை அழுதால் கேட்கும். 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. அப்படித் தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பங்களில் ஒன்று அந்தப் பின் காம்பராக் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காம்பரா பூட்டிக் கிடக்கிறது.

இனி எழுதுகிறவர் வேலையைத் தொடங்கலாம். விடிய நாலு மணி. சுவருக்கு அந்தப்பக்கம் அம்மி இழுபடுகிற சத்தம். படுத்திருக்கிறவளுக்குப் பயமே வரவில்லை. வருடக்கணக்காகக் கேட்ட சத்தம்தானே. 'அக்கா இன்னைக்கு நேரத்தோட எந்திரிச்சிருச்சு' என்று நினைத்துப் புரண்டு படுக்கிறாள். அதற்குப் பிறகுதான் கண் திறக்கிறது. வாசகருக்குச் சில்லிடுவது சத்தம் கேட்ட இடத்தில் இல்லை. அதை அவள் இயல்பாக எடுத்துக்கொண்ட அந்த ஒரு கணத்தில்.

அடுத்த நாளும் கேட்கிறது. புருஷனிடம் சொல்கிறாள். அவர் பெரட்டுக்குப் போகிற அவசரத்தில், "என்ன பேசுற? அந்த அம்மியத்தான் போறப்ப நமக்குக் குடுத்துட்டுப் போனாங்களே" என்கிறார். உண்மைதான். அது இவள் குசினியில்தான் இருக்கிறது. போய்ப் பார்க்கிறாள். கல் ஈரமாக இருக்கிறது.

இங்கே ஒரு கெட்டிக்கார எழுத்தாளர் உடனே நிமிர்ந்து கூரையைக் காட்டுவார். தகரத்தில் ஓட்டை, இரவெல்லாம் மழை. அப்படியானால் கல் மழையில் நனைந்ததா, இல்லையா? பதில் சொல்லாமல் நகர்ந்துவிடுவார். இந்த ஊசலாட்டத்தைக் கடைசிப் பக்கம் வரை இழுத்துப் பிடித்த படைப்பு ஹென்றி ஜேம்ஸின் 'த டர்ன் ஒஃப் த ஸ்க்ரூ' (1898). இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெரிய வீட்டுக்கு வருகிற இளம் ஆசிரியை, இறந்துபோன இரண்டு பணியாளர்களின் உருவங்களைக் காண்கிறாள். அவை உண்மையான ஆவிகளா, அவள் மனம் காட்டுகிறவையா என்று நூறு வருடத்துக்கு மேலாக வாசகர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். 1970-இல் ஸ்வெட்டான் டோடரோவ் என்ற விமர்சகர் இந்தத் தயக்கத்தையே இந்த வகை இலக்கியத்தின் அடையாளமாக வைத்து ஒரு கோட்பாடு எழுதினார். நிச்சயமாகப் பேய்தான் என்று தெரிந்த கணத்தில் பயம் பாதியாகக் குறைந்துவிடும். விளக்கம் கிடைத்துவிட்டதல்லவா.

இன்னொன்று, வீட்டைத் தேர்ந்தெடுப்பதற்கும் காரணம் உண்டு. காட்டில் பயந்தவன் வீட்டுக்கு ஓடலாம். வீட்டிலேயே பயந்தவன் எங்கே ஓடுவது? உடையைக் களைந்து, விளக்கை அணைத்து, கண்ணை மூடிக்கொள்கிற ஓர் இடத்தை நம்பாமல் மனிதரால் வாழ முடியாது. நாவல் அந்த நம்பிக்கையில் கை வைக்கிறது. பிராய்டு 1919-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதைத் தொட்டுப் பேசியிருக்கிறார். முற்றிலும் அந்நியமானதை விட, நன்கு பழகிய ஒன்று திடீரென்று அந்நியமாகத் தெரிவதே நம்மை அதிகம் உலுக்கும் என்பது அவர் கருத்து. அம்மிச் சத்தம் வேலை செய்வது அதனால்தான்.

இவ்வளவு பயத்தை ஏன் காசு கொடுத்து வாங்கி வாசிக்கிறோம்? டென்மார்க்கின் ஓர்ஹூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதை நேரடியாகவே சோதித்தார்கள். செயற்கையாக அமைத்த ஒரு பேய் வீட்டுக்குள் ஆட்களை அனுப்பி, அவர்களின் இதயத்துடிப்பை அளந்து, எவ்வளவு ரசித்தார்கள் என்றும் கேட்டார்கள். 2020-இல் வெளியான அந்த ஆய்வின்படி, பயம் மிகக் குறைந்தாலும் ரசனை குறைகிறது; மிஞ்சிப் போனாலும் குறைகிறது. நடுவில் ஓர் அளவு இருக்கிறது. அந்த அளவை ஒவ்வொருவரும் தாமே வைத்துக்கொள்ளப் புத்தகம் இடம் தருகிறது. படம் பார்க்கும்போது கண்ணை மூடினாலும் காது கேட்கும். புத்தகத்தை மூடினால் எல்லாமே நின்றுவிடும். பேயின் முகத்தை வரைவதும் நம் மனம்தான் என்பதால், ஒவ்வொருவருக்கும் அவரவர் தாங்கக்கூடிய பேயே வருகிறது. ஆனாலும் வெறும் படபடப்புக்காக மட்டும் இந்த நாவல்கள் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் நிலைத்திருக்காது. வீட்டுக்குள் பேசக்கூடாது என்று ஒதுக்கி வைத்தவற்றை, அதாவது பிள்ளையை அடித்ததை, தங்கையின் பங்கை ஏமாற்றியதை, குடியை, ஒரு சாவை, ஆவியின் வாயால் பேச வைக்கலாம். குடும்ப மானம் என்று பொத்திப் பொத்தி வைக்கிற நம் சமூகத்தில் இந்த வசதியின் அருமை தெரியும்.

மலைநாட்டில் இந்த நாவலுக்கான வீடு என்றதும் எல்லோர் நினைவுக்கும் துரை பங்களாதான் வரும். மூட்டம், நீண்ட பாதை, சைப்பிரஸ் மரங்கள், கணப்பு அடுப்பு. ஹப்புத்தளையில் 1931-இல் கட்டிய அடிஷாம் பங்களாவை ஒருமுறை பார்த்தால் ஒரு வெள்ளைக்காரர் தன் ஊரின் கருங்கல் மாளிகையை இந்த மலையில் அப்படியே நட்டு வைக்க நினைத்த மனநிலை தெரியும். இன்று அது பெனடிக்டைன் துறவிகளின் மடம், அமைதியான இடம். பொதுவாகப் பங்களாக்களில் நாவலுக்கான அடுக்குகள் நிறையவே உண்டு. 1869-க்குப் பிறகு இலைநோயில் அழிந்த கோப்பி ஒரு அடுக்கு, அதன் மேல் எழுந்த தேயிலை இன்னொன்று, 1975-இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தபோது வெளியேறியவர்கள் மற்றொன்று. இப்போது சிலவற்றில் உல்லாசப் பயணிகள் தங்குகிறார்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், பங்களாவை விட லயமே பொருத்தமான பேய் வீடு. மேல்நாட்டு நாவலில் குடும்பம் வெளியேறாமல் இருப்பதற்குக் கடன், அடம், கூச்சம், பனி என்று காரணங்களைத் தேடித் தேடிக் கட்ட வேண்டியிருக்கிறது. லயத்தில் அந்தக் காரணம் அத்திவாரத்திலேயே இருக்கிறது. காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம்; தலைமுறை தலைமுறையாக, தோட்டத்தில் வேலை செய்கிற வரைக்கும்தான் இருப்பு. நூறு வருடம் குடியிருந்தாலும் கையில் உறுதி இல்லாத குடும்பங்கள் இன்னும் உண்டு. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற பேச்சு வந்தபோது மக்கள் காட்டிய ஆவலின் அர்த்தம் அதுதான். மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29-இல் மண் சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. ஆபத்து என்று தெரிந்தும் போக இடம் இல்லாமல் இருந்துவிடுவது நமக்குக் கற்பனை இல்லை. அதனால்தான் அந்த முதல் கேள்வியை நம் ஆட்கள் கேட்கும்போது கேலி தொனிக்காது என்று நினைக்கிறேன். போகாமல் இருப்பதன் காரணம் நமக்குத் தெரியும்.

புதிதாக வாசிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். முதலில் ஷேர்லி ஜாக்சனை எடுங்கள். சின்னப் புத்தகம், ஆங்கிலமும் தெளிவானது. உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிக்கலாம். அப்புறம் 'த ஷைனிங்'. அது பெரிய நூல், ஆனால் ஓட்டமாகப் போகும். ஹென்றி ஜேம்ஸின் வாக்கியங்கள் நீளமானவை, பொறுமை வேண்டும். கையில் கிடைக்கிற பதிப்பில் முன்னுரை இருந்தால் கதையை முடித்த பிறகு படியுங்கள், பல முன்னுரைகள் முடிவைச் சொல்லிவிடும். வால்போலை வரலாற்று ஆர்வம் உள்ளவர்கள் மட்டும் தேடினால் போதும். 'பிலவ்ட்' நாவலைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் தொடக்கம் யார் யார், எது எப்போது என்று குழப்பும். விட்டுவிடாமல் தொடருங்கள், தேவைப்பட்டால் முதல் அத்தியாயத்தை இரண்டாம் முறை வாசியுங்கள். எந்தப் புத்தகமானாலும் வாசிக்கும்போது பென்சிலால் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொண்டு போங்கள்: வீடு யார் பெயரில் இருக்கிறது, அதில் யார் வேலை செய்கிறார்கள். பேய் யார் என்பது பெரும்பாலும் அந்தக் குறிப்புகளிலேயே தெரிந்துவிடும்.